வலப்பக்கம் திறக்கும் கதவுகள்

உக்காரு கண்ணு. கீழ வேண்டாம், சேர்லயே உக்காரு, பரவாயில்ல. இஸ்திரிக்காரர் சொல்லித்தானே வந்தே? சமையல் வேலைக்கு ஆள் வேணும்னு சொல்லியிருப்பாரு. இந்த வீட்டுல யாரும் நிக்கறதில்லைன்னும் சொல்லியிருப்பாரு. சொல்லாம இருக்க மாட்டாரு, அந்த மனுசன் வாயில எதுவும் நிக்காது.

அஞ்சு பேர். அஞ்சு மாசத்துல அஞ்சு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தி ரெண்டே நாள். ரெண்டாவது நாள் மத்தியானம் ரசத்தை இறக்கி வெச்சுட்டு, "வர்றனுங்க"ன்னு போனவதான். கடைசியா வந்தவ நல்லாத்தான் செஞ்சா, ஆனா நான் பின்னாடியே நிக்கறேன்னு கோவிச்சுக்கிட்டா. என்ற சமையக்கட்டுல நான் நிக்காம வேற யாரு நிப்பாங்க, நீயே சொல்லு.

நான் சொல்லட்டுமா, எல்லாரும் போனதுக்குக் காரணம் அந்தக் கதவுங்கதான். உள்ள அலமாரிக் கதவு எல்லாம் வலப்பக்கமா மடங்கித் திறக்கும். நாம வலது கையை நீட்டி ஒரு டப்பா எடுக்கப் போனா, திறந்த கதவு முழங்கையில இடிக்கும். ஒரு நாளைக்கு நாப்பது தடவை இடிச்சா யாருக்குத்தான் கோவம் வராது? இதை என்ற வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவரு மில்லுல இன்ஜினியரா இருந்து ரிடயரானவரு, கதவைப் பத்தி அவருக்குத் தெரியாததா? "கதவு இல்ல சௌந்தரம்"னு சொல்லிட்டு எழுந்து வாக்கிங் போயிட்டாரு. அவ்வளவுதான் பேச்சு.

உனக்கு முழுசாச் சொல்லிடறேன். நாளைக்கு யாரோ வேற மாதிரி சொல்லி நீ கேக்கறதுக்கு, நானே சொல்லிட்டாத் தேவல.

இதுக்கு முன்னாடி வசந்தாமணின்னு ஒருத்தி இருந்தா. பதினோரு வருசம். காலையில ஆறரைக்கு வந்தா மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டுப் போவா, மறுபடி சாயங்காலம் வருவா. நான் அவளை வேலைக்காரியா நடத்தினதே இல்ல. வீட்டு மனுசி மாதிரிதான். அவளுக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர், எல்லாம் புதுசா வாங்கி வெச்சிருந்தேன். பொங்கலுக்குச் சேலை. என்ற மக பெங்களூருல பிரசவத்துக்கு இருந்தப்ப ரெண்டு மாசம் நான் அங்கே போயிட்டேன். அந்த ரெண்டு மாசத்துலதான் இந்தச் சமையக்கட்டைப் புதுசாக் கட்டினது. ஆசாரிகூட நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டவ வசந்தாமணிதான். அந்த அளவுக்கு நம்பி விட்டிருந்தேன்.

திரும்பி வந்து பாத்தா, சமையக்கட்டு ஜம்முன்னு இருந்துச்சு. கரண்டி தொங்கறதுக்கு ஒரு கம்பி, பருப்புக்கு ஒரு வரிசை, பொடிக்கு ஒரு வரிசை. ஒறம்பரை சனம் வந்தா எல்லாரும் முதல்ல சமையக்கட்டைத்தான் எட்டிப் பாப்பாங்க. "சௌந்தரம், உன்ற கைக்கு ஒரு நேர்த்தி"ம்பாங்க. நான் சிரிச்சுக்குவேன். பின்ன என்ன சொல்றது? என்ற வீடுதானே.

போன தை மாசம் எங்க நகர் மகளிர் குழுவுல யசோதா டீச்சர் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அடுப்படி உலான்னு பேரு. நம்ம நகர்ல வித்தியாசமா இருக்கற சமையக்கட்டா ஆறு வீடு எடுத்து, இருபது பேர் கும்பலாப் போய்ப் பாக்கறது. அந்தந்த வீட்டுக்காரம்மா நின்னு, எதை எதுக்கு அப்படி வெச்சிருக்கேன்னு விளக்கிச் சொல்லணும். கேக்கறதுக்குச் சிரிப்பா இருக்கும், ஆனா நெம்ப நல்லா நடந்துச்சு. ரிடயரான போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர் மொட்டை மாடியில விறகடுப்பு போட்டு அவரே சமைக்கறாரு, அது ஒரு வீடு. ஒரு டாக்டரம்மா வீட்டுல அடுப்பே கிடையாது, எல்லாம் கரண்ட்டு. அது ஒரு வீடு. அதுல முதல் வீடு என்ற வீடு.

வசந்தாமணியை அன்னிக்கு வெள்ளனே வரச் சொல்லி, எல்லாத்தையும் தொடைச்சு வெச்சுட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் தாட்டி விட்டுட்டேன். "போய் வீட்டுல ரெஸ்ட் எடு"ன்னேன். லீவு குடுத்தா யாரு வேண்டாம்பாங்க? அவ வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு, "காப்பிக்கு நான் இருக்கட்டுங்களாம்மா"ன்னு கேட்டா. "இருபது பேருக்குக் காப்பி போட எனக்குத் தெரியாதா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

வந்தாங்க. பேர் எழுதின மஞ்சள் அட்டையை ஊக்குப் போட்டுக் குத்திக்கிட்டு இருபது பேரும் வந்தாங்க. வந்ததும் ஒருத்தி கேட்டா, "ஏனுங்க்கா, பெருங்காயம், மஞ்சப்பொடி எல்லாம் அடுப்புக்கு இடது பக்கம் இருக்குதே, ஏதாவது காரணமுங்களா?" இன்னொருத்தி, "கரண்டிக் கம்பியும் இடது பக்கம்தான் இருக்குது"ங்கறா. அப்பத்தான் நானே பாக்கறேன். எல்லாமே இடது பக்கம். கதவு எல்லாம் வலப்பக்கம் திறக்குது. ஆறு வருசமா அந்தச் சமையக்கட்டுல நின்னிருக்கேன், கண்ணுல பட்டதே இல்ல.

வாயில வந்ததைச் சொல்லிட்டேன். "வாஸ்து"ன்னேன். "என்ற மாமியார் சொல்லிக் குடுத்தது"ன்னு அதுக்கு மேல ஒண்ணு. ஒரு பொம்பளை நோட்டுல எழுதிக்கிட்டா. அதைப் பாத்ததும் காப்பி கொண்டாறேன்னு திரும்பிட்டேன்.

அப்புறம் காப்பி. காப்பித்தூள் எங்கேன்னு தெரியல கண்ணு. மூணு டப்பா திறந்தேன். ஒண்ணுல கடலைப்பருப்பு, ஒண்ணுல கல் உப்பு, இன்னொண்ணுல எதோ மூலிகை. இருபது பேர் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு வசந்தாமணிக்குப் போன் போட்டேன். அவ மொத மணியிலயே எடுத்தா. "அடுப்புக்கு இடது பக்கமுங்க, ரெண்டாவது தட்டு, நீல மூடி பாட்டில். சர்க்கரை அதுக்குப் பின்னாடி. டிகாசன் நான் இறக்கி வெச்சுட்டுத்தான் வந்தேன், பில்டர்ல இருக்கும் பாருங்க"ன்னா. நான் கேக்கப்போறேன்னு தெரிஞ்ச மாதிரியே சொல்றா. அவ எனக்கு முன்னாடியே எல்லாத்தையும் யோசிச்சிருக்கா, பாரு.

காப்பி நல்லாருக்குதுன்னாங்க. மாசா மாசம் வர்ற நகர்ப் பத்திரிகையில என்ற போட்டோ போட்டாங்க. ஒரு சர்ட்டிபிகேட்டும் குடுத்தாங்க. அதோ, டிவிக்கு மேல மாட்டியிருக்கே, அதுதான். மறுநாள் வசந்தாமணிகிட்டக் காட்டினேன். கையைத் தொடைச்சுக்கிட்டு வந்து முழுசாப் படிச்சா. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. படிச்சுட்டு, "நல்லாருக்குதுங்கம்மா"ன்னு சொல்லிட்டு உள்ள போய்ப் பருப்பைக் கடைய ஆரம்பிச்சுட்டா. எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் சந்தோசப்பட்டிருக்கலாம் இல்ல? அவ வேலை பாக்கற வீட்டுக்குத்தானே பெருமை.

இதோட முடிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். ஆனியில யசோதா டீச்சர் ரெண்டாவது தடவை உலா போட்டாங்க. இந்தத் தடவை சின்னச் சமையக்கட்டா பாக்கலாம்னு, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கற ஹவுசிங் போர்டு வீடுங்க. நானும் மஞ்சள் அட்டை குத்திக்கிட்டுக் கெளம்பினேன். வசந்தாமணி முன்னாடியே "இந்தச் சனிக்கிழமை வர முடியாதுங்கம்மா"ன்னு சொல்லியிருந்தா. எதுக்குன்னு நான் கேக்கல. ஆத்திர அவசரம் இருக்கும், எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்கற பழக்கம் எனக்கில்ல.

மூணாவது வீடு. மூணாவது மாடி. முட்டியைப் புடிச்சுக்கிட்டு ஏறி மூச்சு வாங்க நிக்கறேன், கதவைத் திறந்தது யாருங்கறே? வசந்தாமணி. நல்ல வாயில் சேலை கட்டி, தலை நெறையப் பூ. அவ வீடு வாய்க்காலுக்கு அந்தப்பக்கம்னு தெரியும், எந்த பில்டிங், எத்தனாவது மாடின்னு எல்லாம் எனக்குத் தெரியாது. "வாங்கம்மா, வாங்க"ன்னு என்ற கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. எனக்காகவே வெச்சிருந்த மாதிரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டா.

அந்தச் சமையக்கட்டு எவ்வளவு இருக்கும்? ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆளுக்கு இடமில்ல. இருபது பேரும் ரெண்டு ரெண்டு பேரா உள்ள போய்ப் பாத்தாங்க, மத்தவங்க வாசப்படியில நெருக்கிக்கிட்டு எட்டிப் பாத்தாங்க. நான் போய்ப் பாக்கறேன், என்ற சமையக்கட்டு! அப்படியே. கரண்டிக் கம்பி, பருப்பு வரிசை, பொடி வரிசை, இடது பக்கம் ரெண்டாவது தட்டுல நீல மூடி பாட்டில். என்ற வீட்டுல மரம்னா அங்கே பிளாஸ்டிக்கு, என்ற வீட்டுல கதவுன்னா அங்கே துணி, அதுவும் வலப்பக்கமா ஒதுக்கற துணி. அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குச் சட்டுனு வந்துருச்சு. "என்ற சமையக்கட்டை அப்படியே காப்பியடிச்சு வெச்சிருக்காளே!"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். விளையாட்டுக்குத்தான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். நாலு பேர் சிரிக்கவும் சிரிச்சாங்க.

அந்த நோட்டுக்காரப் பொம்பளை இருந்தா பாரு, அவ விடல. "அப்ப இங்கேயும் வாஸ்துதானுங்களா?"ன்னு வசந்தாமணியைக் கேட்டா.

வசந்தாமணிக்குப் புரியல. "வாஸ்தெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எனக்கு இடது கைப் பழக்கமுங்க. இப்படி இருந்தாத்தான் வேகமா எடுக்க வருது"ன்னா. சொல்லிக்கிட்டே இடது கையில கரண்டியை எடுத்துப் பாலைக் கலக்கறா. நான் வந்து ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தக் கையில ஒரு லாவகம் இருந்துச்சு கண்ணு. என்ற வீட்டுல அவ அப்படிக் கலக்கி நான் பாத்ததே இல்ல. என்ற வீட்டுல அவ எல்லாம் வலது கையாலதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இடது கையால ஒரு டம்ளரை நீட்டினா. "எங்க வீட்டுல அதெல்லாம் ஆகாது"ன்னு ஒரே ஒருக்காத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் நான் உள்ள வந்தா வலது கை. நான் ஹாலுக்குப் போயிட்டா இடது கை. பதினோரு வருசம்.

எல்லாரும் என்னைப் பாக்கறதும் அவளைப் பாக்கறதுமா இருக்காங்க. யசோதா டீச்சர் நல்லவங்கதான், ஆனா வாத்தியார் புத்தி, எதையும் முழுசாத் தெரிஞ்சுக்கணும். "அப்ப சௌந்தரம் அம்மா வீட்டுலயும் நீங்க அடுக்கினதுதானா?"ன்னு கேட்டாங்க.

வசந்தாமணி என்னைத் திரும்பிப் பாத்தா. அப்புறம் டீச்சரைப் பாத்து, "இல்லீங்க. அம்மா சொல்லச் சொல்லத்தான் நான் அடுக்கினேன். அதைப் பாத்துத்தான் இங்கேயும் வெச்சேன்"ன்னா.

எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அது பொய்யின்னு. இடது கைக்காரிக்குத் தோதா நான் எதுக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன்? ஒரு சின்னப் புள்ளைகூட நம்பாது. அவ உண்மையைச் சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், கோவத்துல வெளிய வந்திருப்பேன், நாலு நாள்ல சரியாயிருக்கும். அவ என்னைக் காப்பாத்தினா பாரு, அதுதான் எனக்குத் தாங்கல. இருபது பேர் முன்னாடி, அவ வீட்டுல, அவ போட்ட ஸ்டூல் மேல உக்காந்திருக்கறப்ப.

அப்பத்தான் அந்த வார்த்தை வந்துச்சு.

"அப்ப இத்தனை வருசமா இடது கையில பெசைஞ்சதையா நாங்க தின்னுக்கிட்டிருந்தோம்?"

சொல்லிட்டேன். என்ற வாயிலிருந்துதான் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டுச் சொல்லல.

வசந்தாமணி காப்பித் தட்டை எடுத்துக்கிட்டு நீட்ட வந்துக்கிட்டிருந்தா. இடது கையில பிடிச்சிருந்தா. அப்படியே நின்னா. தட்டை வலது கைக்கு மாத்தினா. மாத்திட்டு, முதல் டம்ளரை எனக்குத்தான் நீட்டினா. வாங்கிக்கிட்டேன். அவ ஒரு சொட்டுச் சிந்தல. நான்தான் சிந்திட்டேன். சேலையெல்லாம் காப்பி.

வீட்டுக்கு வந்து அவர்கிட்டச் சொன்னேன். "வசந்தாமணி இடது கைக்காரியாம், தெரியுமா?"ன்னு கேட்டேன். பேப்பர்ல இருந்து தலையை எடுக்காம, "தெரியுமே, ஜன்னல்ல பாத்திருக்கேன்"ங்கறாரு. "ஏன் என்கிட்டச் சொல்லல?" "சொன்னா நிறுத்திருவே. சாப்பாடு நல்லாருந்துச்சு"ன்னாரு. முப்பத்தெட்டு வருசம் ஒரே வீட்டுல இருந்த மனுசன் கண்ணு. யாரை நம்பறது?

திங்கக்கிழமை வசந்தாமணி வழக்கம் போல ஆறரைக்கு வந்தா. பொங்கல், சட்னி, மத்தியானத்துக்குப் பூசணிக்காய்க் கொழம்பு. ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசல. நானும் பேசல. ஆனா அன்னிக்கிருந்து நான் சமையக்கட்டுல நாற்காலி போட்டு உக்காந்துட்டேன். சும்மாத்தான். அவ வலது கையால வெங்காயம் அரிஞ்சா. நாலு வெங்காயம் அரியறதுக்கு எவ்வளவு நேரம்! விரல்ல வெட்டிக்கிட்டா. தண்ணியில காட்டிட்டு மறுபடி அரிஞ்சா. அஞ்சு நாள் அப்படி. ஆறாவது நாள், "இந்த மாசத்தோட நின்னுக்கறனுங்கம்மா"ன்னா.

நான் அவளைப் போகச் சொல்லல. இருன்னும் சொல்லல.

கடைசி நாள் வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்து நின்னா. "எது எது எங்கே இருக்குதுன்னு ஒருக்காக் காட்டிட்டுப் போறனுங்கம்மா. அய்யாவோட சர்க்கரை மாத்திரையும் அங்கேதான் வெச்சிருக்கேன், சாப்பிடறப்ப கைக்கெட்டறாப்புல"ன்னா. எனக்கு எங்கிருந்துதான் அந்த வீம்பு வந்துச்சோ. "என்ற சமையக்கட்டை எனக்கே காட்டறியா? ஒண்ணும் வேண்டாம்"னேன். சாவியை பிரிட்ஜ் மேல வெச்சுட்டுப் போயிட்டா.

மாத்திரையைக் கண்டுபிடிக்க நாலு நாளாச்சு.

அப்புறம் நானே எல்லாத்தையும் வலது பக்கம் மாத்தி அடுக்கலாம்னு உக்காந்தேன். மூணு நாள். ஊறுகாய் ஜாடி ஒண்ணு போச்சு. மாத்தி அடுக்கினாலும் கதவு பழைய பக்கமேதான் திறக்குது, அதை என்ன பண்றது? ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்து பாத்துட்டு, "எல்லாத்தையும் கழட்டணுமுங்க. அந்த அம்மா நின்னு அளந்து அளந்து சொல்லிச்சு, கதவு எப்படித் திறக்கணும்னு தெளிவாச் சொல்லிச்சு, நான் அப்படியே பண்ணினேன்"ன்னான். அந்த அம்மாவாம். அப்படியே போட்டுட்டேன். இப்ப பாதி வலது பக்கம், பாதி இடது பக்கம். உனக்கும் சிரமமாத்தான் இருக்கும், இப்பவே சொல்லிடறேன்.

புரட்டாசியில ஒருக்கா அவ வீட்டுக்குப் போனேன். கூப்பிடறதுக்கெல்லாம் இல்ல. சும்மா, எப்படி இருக்கான்னு பாக்கலாம்னு. ரெண்டு மாடி ஏறிட்டேன். மேல அவ யாரோடயோ சத்தமாச் சிரிச்சுப் பேசறது கேட்டுச்சு. அவ இப்படிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாது. மூணாவது மாடி ஏற முடியல. முட்டி வலி. வந்துட்டேன்.

என்ன கண்ணு, எழுந்துட்டே? நேரமாச்சா? சரி, சரி. நான் ஒண்ணு ஆரம்பிச்சா நிறுத்தறதில்ல.

வேலைக்கு இப்பவே சரின்னு சொல்ல வேண்டாம். ஒண்ணு பண்ணு. வாய்க்காப் பாலம் தாண்டினதும் தண்ணித்தொட்டி இருக்கும், அதுக்கு எதிர்ல ரெண்டாவது பில்டிங், மூணாவது மாடி, படியேறினதும் வலது கைப்பக்கம். அவகிட்டப் போய்க் கேளு. சௌந்தரம்மா வீட்டுல வேலைக்குக் கூப்பிடறாங்க, போலாமான்னு கேளு. நான் எப்படிப்பட்டவள்னு கேளு. நல்லாக் கேளு. அவ பொய் சொல்ல மாட்டா. ஒரே ஒருக்காத்தான் சொன்னா, அதுவும் எனக்காகச் சொன்னா.

நான் அனுப்பினேன்னு சொல்லாதே. இல்ல... சொல்லு, பரவாயில்ல.

அவ போகாதேன்னு சொன்னா நீ வர வேண்டாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா இந்தப்பக்கம் ஒருக்கா வா. வாசல்ல நின்னாப் போதும், உள்ளகூட வர வேண்டாம். அவ என்னைப் பத்தி என்ன சொன்னான்னு மட்டும் சொல்லிட்டுப் போ.